வாங்கிய குத்துகள்

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். விளையாட்டுத் தொலைக்காட்சி ஒன்றில் குத்து எண்ணுகிறவன் நான். குத்துச்சண்டை நடக்கும்போது ரிங்குக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்போம். சிவப்பு மூலைக்காரன் எனக்கு, நீல மூலைக்காரன் இன்னொருவருக்கு. என் ஆள் விட்ட குத்து விழுந்தால் ஒரு பொத்தான், வீணாய்ப் போனால் இன்னொரு பொத்தான். அவன் கையை விட்டுக் கண் நகரக் கூடாது. எதிராளிக்கு என்ன ஆனால் நமக்கென்ன என்று இருக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இதைத்தான் செய்கிறேன்.

என் அண்ணன் ஒரு காலத்தில் நடுத்தர எடையில் சாம்பியன். பதினைந்து ரவுண்டு நின்று பட்டம் வாங்கியவன். இப்போது அண்ணிதான் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறார். கை நடுங்குகிறது. சில நாள் என்னைத் தெரியும், சில நாள் மரியாதையாக "உக்காருங்க" என்பான். குத்து வாங்கிய தலை அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வயசானால் யாருக்குத்தான் மறதி வராது என்று அவரிடம் மல்லுக்கு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் எனக்கும் என் மாப்பிள்ளைக்கும் சண்டை நடக்கும். மாப்பிள்ளை பல் டாக்டர். அந்தக் கால வீரர்களை விட இந்தக் கால வீரர்கள்தான் உசத்தி என்பது அவர் கட்சி.

"இப்ப இருக்கறவங்க வேகம் என்ன, சாப்பாடு என்ன, பயிற்சி என்ன! அந்தக் காலத்து ஆளுங்க இவங்க முன்னாடி மூணு ரவுண்டு தாங்க மாட்டாங்க, மாமா."

"நீங்க பல்லைப் பிடுங்கறதோட நிறுத்திக்குங்க மாப்ளே. அவங்க பதினஞ்சு ரவுண்டு நின்னாங்க. உங்க முக்காலி ஒம்பதாவது ரவுண்டுக்கே எந்திரிக்கல."

முக்காலி என்பது இப்போதைய சாம்பியனுக்கு நான் வைத்த பெயர். ஒரு சண்டையில் எட்டாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தவன், போதும் என்று தலையாட்டினான். அவன் பயிற்சியாளரும் மறுபேச்சில்லாமல் சண்டையை நிறுத்தினார். மறு வருஷம் அவன் அதே எதிராளியை ஜெயித்தது வேறு விஷயம். அந்த விஷயத்தை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"எங்கண்ணன் பதிமூணாவது ரவுண்டுல புருவம் கிழிஞ்சு ரத்தம் கொட்டியும், மணி அடிச்சதும் தானா எந்திரிச்சுப் போனான். நான் பக்கத்துலயே இருந்தேன். பத்தொம்பது வயசு எனக்கு. தண்ணி வாளி பிடிச்சது நான்தான்!" என்று மார்தட்டுவேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனை யாரும் எதுவும் கேட்டதில்லை.

போன மாதம் எங்கள் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். அன்றும் இன்றும் நடுத்தர எடையில் யார் பெரியவன் என்று கம்ப்யூட்டரை வைத்து மார்க் போட்டுச் சொல்வது. கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டு பேர், என் அண்ணனும் முக்காலியும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்கு நினைவு முழுசாகப் போவதற்குள் அவன் பெயரை முதலிடத்தில் சொல்வதை அவன் காதால் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பழைய ஸ்டேடியத்துக் கிடங்கில் அண்ணன் பட்டம் வாங்கிய சண்டையின் படச்சுருள் கிடைத்தது. சத்தம் கிடையாது, படம் மட்டும்தான். சொந்தத் தம்பி எண்ணலாமா என்று ஒருவர் இழுத்தார். வேறு ஆள் இல்லாததால் வேலை என்னிடமே வந்தது.

தனியாக எண்ணுகிறவன் படத்தை இரண்டு தடவை ஓட்ட வேண்டும். முதல் தடவை அண்ணனின் கைகள். முந்நூற்று எண்பத்தெட்டு குத்து விழுந்திருந்தது. அந்த இடது கையின் அழகைப் பார்த்துத் தனி அறையில் கைதட்டினேன். டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்து, இரண்டாம் தடவை ஓட்டினேன்.

எதிராளியின் கையைப் பின்தொடர்ந்தால் அது போய் முடிகிற இடம் அண்ணனின் தலை. இது எனக்கு அதற்கு முன் தெரியாதா? தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தானை நானே அழுத்தியதில்லை. பதிமூன்றாவது ரவுண்டில் என் கட்டைவிரல் வலிக்க ஆரம்பித்தது.

ரவுண்டு முடிந்தது. கேமரா எங்கள் மூலைக்கு வந்தது. பயிற்சியாளர் புருவக் கிழிசலைப் பஞ்சால் அமுக்கிக்கொண்டு நடுவரிடம் ஏதோ கத்துகிறார். அண்ணன் மெல்லத் திரும்பி, வாளி பிடித்திருந்த பையனிடம் ஏதோ சொல்கிறான். பையன் தலையை ஆட்டி மறுக்கிறான். பல் கவசத்தை அண்ணன் வாயில் திணிக்கிறான். கன்னத்தில் இரண்டு தட்டு தட்டுகிறான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, முதுகில் கைவைத்துத் தள்ளுகிறான்.

அண்ணன் சொன்னது, "போதும்டா." அவன் உதட்டசைவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். ஓட்டியிருக்கவே வேண்டாம். நான் அதை மறக்கவில்லை. வேறு மாதிரி சொல்லிச் சொல்லி, நானே அந்தக் கதையை நம்பிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு ரவுண்டில் அவன் தலையில் விழுந்தது எழுபத்து நான்கு. ஒன்றையும் விடாமல் எண்ணினேன்.

எண்ணிக்கையைக் கொடுக்கும்போது, நிகழ்ச்சியைத் தயாரிக்கும் பெண்ணிடம், "வாங்கின குத்துக்கு எவ்வளவும்மா மார்க் குறைப்பீங்க?" என்று கேட்டேன்.

"குறைக்கறதா? கூடத்தான் சார் போடுவோம். தாங்கும் திறன்னு தனி மார்க். உங்கண்ணன் முந்தறதே அதுலதான்."

"அதை எடுத்துட்டா?"

"முக்காலிதான் முதல்" என்று சிரித்தாள். நான் வைத்த பெயர் அலுவலகம் முழுக்கப் பரவியிருந்தது. "எடுத்துடவா சார்?"

எடுத்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை அடியும் வாங்கியவனுக்கு அந்த முதலிடமாவது கிடைக்கட்டுமே என்று மனசு வாதாடியது. வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாவது தடவையும் அவனைத் தள்ளிவிட்டது நான்தான்.

நிகழ்ச்சி ஞாயிறு சாயங்காலம் வந்தது. அண்ணி அவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டி டிவி முன்னால் உட்கார வைத்திருந்தார். அண்ணன் பெயரை முதலிடத்தில் சொன்னதும் மாப்பிள்ளை எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்.

"ஒத்துக்கறேன் மாமா. நீங்கதான் ஜெயிச்சீங்க."

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டீங்களா? உங்க பேரைத்தான் சொல்றாங்க," என்று அவன் தோளைத் தொட்டார். அவன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. திரையில் பதிமூன்றாவது ரவுண்டு ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் என் பக்கம் குனிந்தான்.

"யாருங்க அந்தப் பையன்? பாவம், ரொம்ப அடி வாங்கறான். அவன் கூட யாரும் வரலியா?"

"தம்பி வந்திருக்கான்," என்றேன்.

"அவன் நிறுத்தக் கூடாதா?"

"நிறுத்தியிருக்கணும்ணே. நான்தான் அந்தத் தம்பி. நான் நிறுத்தல."

அவன் முகத்தில் கோபமே இல்லை. நடுங்கும் கையால் என் முழங்கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தான்.

"அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? சீக்கிரம் போய் நிறுத்துங்க. இன்னும் ரெண்டு ரவுண்டு பாக்கி இருக்கு."