அக்கா வந்தால் எழுந்து போகவேண்டும்

செய்னி அண்ணி ஆக்லாந்திலிருந்து வந்து இறங்கியதிலிருந்தே எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை என் மகள் லினிக்கு முதல் பிறந்தநாள். முற்றத்தில் பந்தல், கொல்லையில் கட்டிப்போட்ட பன்றிகள், கூடத்தின் நடுவே விரித்த அகலமான பாய். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பாயில் உட்கார வேண்டியவள் அப்பாவின் மூத்த சகோதரி. முதல் மரியாதை அவளுக்கு, கேக்கின் மேல்தட்டும் அவளுக்கு. தொங்காவில் அத்தை உட்காராத விருந்து வெறும் சாப்பாடுதான்.

லினியின் அத்தை செய்னி அண்ணி. என் கணவன் ஃபெலேத்தியின் ஒரே உடன்பிறப்பு. அவள் பிறந்தபோது ஆண் பிள்ளை என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். தான் பெண் என்பது சிறுவயதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குத்தான் இன்னும் தெரியவில்லை. குழந்தைக்குப் பெயர் வைப்பதும் இங்கே அத்தையின் உரிமை. 'லினி' என்று போனில் சொன்னது அவள்தான்.

"லெய்த்திங்கன்னா எனக்கும் பிரியம்தாம்மா," என்றார் மாமனாரின் அண்ணன் செமிசி பெரியப்பா. திருநங்கைகளை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "பாட்டா, டான்ஸா, பந்தல் அலங்காரமா, எல்லாத்துக்கும் கூப்பிடுவோம். பாய் வேற விஷயம். நம்ம அலிசி உக்காரட்டும். அவளும் உன் புருஷனுக்கு அக்காதானே?"

அலிசி அவருடைய மகள். மாமனார் இறந்த பிறகு குடும்பத்தில் பெரியப்பா சொல்வதுதான் நடக்கும்.

ஃபெலேத்தி கொதித்துவிட்டான். "என் சொந்த அக்கா இருக்கறப்ப வேற யாரும் உக்கார மாட்டாங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். அண்ணி வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்தே அவன் போனில் நிறைய வீடியோக்கள் பார்த்திருந்தான். எப்படி ஆதரவாக இருக்கவேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்றெல்லாம் பாடம் படித்தவன்போல எனக்கு ஒப்பித்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூவரும் சந்தைக்குப் போனோம். சேப்பங்கிழங்கு விற்கும் பெண்ணிடம் ஃபெலேத்தி அண்ணியின் கழுத்தில் கையைப் போட்டு இழுத்துக் காட்டினான். "பாரு, இவதான் என் அக்கா. அக்கான்னுதான் கூப்பிடணும், என்ன? யாராவது ஏதாவது சொன்னீங்க, அவ்ளோதான்!"

அந்தப் பெண் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. கிழங்குக் குவியலையும், ஃபெலேத்தியின் கையையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்துக் கடையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணி கழுத்தைக் குனிந்து விடுவித்துக்கொண்டு, "கிழங்கு நல்லா இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

வீடு திரும்பியதும் அவள் அறைக்குள் போய்ப் போனை எடுத்தாள். நான் துண்டு கொடுக்கப் போனபோது விமானச் சீட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கே கிளம்பறேன் லூப்பே. ஞாயித்துக்கிழமை ஃப்ளைட் கிடையாது. திங்கள் வரைக்கும் என்னால முடியாது."

"நாளைக்கா? விருந்து?"

"டாக்சி வர்றதுக்கு முன்னாடி குழந்தையைத் தூக்கி ஒரு முத்தம் குடுத்துட்டுப் போறேன்."

"பெரியப்பா சொன்னதுக்காகவா அண்ணி? அவர் பேச்சை விடுங்க. உங்களுக்காக இவர் எவ்வளவு சண்டை போடறார்!"

அண்ணி கட்டிலில் உட்கார்ந்தாள். அங்கே ஃபெலேத்தியின் சட்டையும் சார்ஜரும் கிடந்தன. காலையில் அவன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, சின்ன வயதில் போல அவள் கட்டிலில் குறுக்கே படுத்து அரட்டை அடித்துவிட்டுப் போயிருந்தான்.

"பெரியப்பாவை எனக்குப் பழக்கம்," என்றாள். "நேத்து அலிசி பாய் கொண்டு வந்தாளே, உன் புருஷன் என்ன பண்ணான்?"

யோசித்தேன். சோபாவில் படுத்து ரக்பி பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் அலிசியின் குரல் கேட்டதும் டிவியை அணைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். எந்த ஆணும் அப்படித்தான் போவான். அக்கா தங்கை இருக்கும் கூடத்தில் சகோதரன் காலை நீட்டிக்கொண்டு கிடக்கமாட்டான், கிண்டல் பேச்சு பேசமாட்டான், அவர்கள் அறைக்குள் நுழையமாட்டான். அது வெறுப்பில்லை, மரியாதை. எனக்கும் என் அண்ணனுக்கும் நடுவே அப்படித்தான். அதை நாங்கள் யாரும் யோசிப்பதேயில்லை.

"அலிசி வந்தா எழுந்து போறான்," என்றாள் அண்ணி. "நான் வந்தா நகர்ந்து இடம் விடறான். பாதிரியாரும் பன்னியும்னு அந்தக் கேவலமான ஜோக்கை மறுபடி ஆரம்பிக்கிறான். ஊர் இதைத்தான் பாக்குது லூப்பே. வாயால அக்கா, உடம்பால அண்ணன் தம்பி."

சந்தையில் கேட்ட சிரிப்பு இப்போதுதான் புரிந்தது.

"நீங்களே அவர்கிட்ட சொல்லலாமே?"

"எந்தத் தங்கச்சியாவது, எந்த அக்காவாவது தன் கூடப்பிறந்தவன்கிட்ட, 'எனக்கு மரியாதை குடுடா'ன்னு கேட்டு வாங்குவாளா?"

ஃபெலேத்தியைத் தேடிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பன்றி சுடும் மண்ணடுப்புக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க மண்வெட்டி நின்றுவிட்டது. முதலில் கோபம்தான் வந்தது.

"நான் அவளுக்காக ஊரோட சண்டை போடறேன். அவ என்னை வெளிய போங்கறாளா?"

"ஆமா. அலிசிக்குச் செய்யறதை அவங்களுக்கும் செய்யின்னு கேக்கறாங்க."

"அலிசியும் அவளும் ஒண்ணா?" மண்வெட்டியை வீசினான். ஒரு பன்றி மிரண்டு கயிற்றை இழுத்தது. "அலிசிகிட்ட நான் வாழ்க்கையில என்ன பேசியிருக்கேன்? 'சாப்டியா'ன்னுகூடக் கேட்டதில்ல. இவளும் நானும் ஒரே கொசுவலைக்குள்ள படுத்தவங்க. உன்னைப் பிடிச்சிருக்குன்னு முதமுதல்ல யார்கிட்ட சொன்னேன்னு நினைக்கிறே? என்கூடச் சிரிக்கறதுக்கு இருக்கறது அவ ஒருத்திதான், லூப்பே. எழுந்து போயிட்டேன்னா அப்புறம் உள்ள வர முடியாது. தெரியுமில்ல?"

தெரியும். அவன் முதுகு வியர்த்திருந்தது. கை வைத்தேன். தட்டிவிட்டு, ஏற்கெனவே வெட்டிய குழியை மறுபடி வெட்ட ஆரம்பித்தான்.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. பெண்கள் ஒருபக்கம் கேக்கை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா வீட்டு ஆண்கள் எல்லாரும் டிவி முன்னால். நடுவில் ஃபெலேத்தி, கால் ஆடிக்கொண்டே இருந்தது. அலிசி விசேஷத்துக்குக் கட்டும் இடுப்புப் பாயைப் புதுசாகக் கட்டிக்கொண்டு, அவர்கள் கண்ணில் படாமல் சமையலறையில் நின்றாள். பாயில் உட்கார வரவும் இல்லை, வீட்டுக்குப் போகவும் இல்லை. தெருவில் டாக்சி வந்து ஹாரன் அடித்தது.

"அந்தப் பாதிரியார் கதையை முடிடா," என்று யாரோ ஃபெலேத்தியை இடித்தார்கள். அவனும் ஆரம்பித்தான். "அப்ப பன்னி பாதிரியாரைப் பாத்து..."

அறைக்கதவு திறந்தது. செய்னி அண்ணி நீளப் பாவாடையும் அதன் மேல் முறையாகக் கட்டிய இடுப்புப் பாயுமாக வெளியே வந்தாள். ஒரு கையில் பெட்டி. கண்கள் லினியைத் தேடின.

ஃபெலேத்தி பாதிக் கதையில் வாயை மூடினான். ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தான். எழுந்தான். தலையைக் குனிந்துகொண்டு, அவளைப் பார்க்காமல், கால்களைத் தாண்டித் தாண்டிப் பின்வாசலை நோக்கி நடந்தான்.

"டேய், எங்கடா போற? மேட்ச் முடியலடா!"

அவன் வாசற்படியில் நின்றான், திரும்பவில்லை. "அக்கா வந்திருக்காங்க," என்றான். போய்விட்டான்.

ஒருவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் அவள் அக்கா முறைதான். தம்பி எழுந்துபோன கூடத்தில் மற்றத் தம்பிகள் உட்கார்ந்திருந்தால் அசிங்கம் அவர்களுக்குத்தான். ஒருவன் எழுந்தான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனான். அடுத்தவன். பிறகு சோபாவே காலியானது. பெரியப்பா மட்டும், அணைந்த டிவியைப் பார்த்தபடி.

"அலிசி, வந்து உக்காரு," என்றார்.

"எப்படிப்பா? மூத்தவங்க நிக்கறாங்க இல்ல?" அலிசி சமையலறையிலிருந்து வந்து குனிந்து, பாயின் மடங்கிய நுனியை நீவிவிட்டாள். பிறகு சமையல்காரப் பெண்களோடு போய் நின்றுகொண்டாள்.

அண்ணி இன்னும் நகரவில்லை. பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே டாக்சி மறுபடி ஹாரன் அடித்தது. லினியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். குழந்தையை வாங்கப் பெட்டியைக் கீழே வைக்கவேண்டியிருந்தது. லினி வந்த வேகத்தில் அவள் தோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, விடுடி ராட்சசி!"

அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்சிக்காரரிடம் போய்ச் சொன்னேன். "அப்ப சாப்பிட்டே போறேன்," என்று அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்.

கொல்லையில் ஃபெலேத்தி மண்ணடுப்பைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். புகை கண்ணில் படும் பக்கமே போய்ப்போய் நின்றான்.

"உக்காந்தாங்களா?"

"ம்."

"சிரிச்சாங்களா?"

"நீயே கேளு." உள்ளேயிருந்து அண்ணியின் சிரிப்பு வந்தது. லினி கேக்கில் கையை விட்டிருக்கவேண்டும். ஃபெலேத்தி இரண்டடி வாசல் பக்கம் போனான். நின்றான். திரும்பி வந்தான்.

"போக முடியாதுல்ல," என்றான், என்னைக் கேட்பதுபோல.

தோளில் கிடந்த துண்டால் அவன் முகத்தைத் துடைத்தேன். புகையால் மட்டும் வந்த ஈரம் இல்லை அது.

சற்று நேரத்தில் உள்ளிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அண்ணி கேக்கின் மேல்தட்டில் பெரிய துண்டாக வெட்டி இலையில் வைத்திருந்தாள். "இதை என் தம்பிகிட்டக் குடு," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு என் காதருகே குனிந்தாள். "அந்தப் பன்னி கடைசியில என்னதான் சொல்லிச்சுன்னு கேட்டுட்டு வா. இருபது வருஷமா அவன் இதை முடிச்சதே இல்ல."

கொல்லைக்குப் போய் அப்படியே சொன்னேன். ஃபெலேத்தி வாய் நிறையக் கேக்கோடு சிரித்துப் புரையேறினான். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டான்.

"அக்காகிட்ட அந்த மாதிரியெல்லாம் பேசக்கூடாதுன்னு சொல்லு."

"சரி."

நான் திரும்பிப் படியேறும்வரை விட்டான். பிறகு ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான்.

"உனக்குச் சொல்றேன். உனக்குச் சொல்லலாம்ல? பொண்டாட்டிதானே?"

என் காதில் முழுவதையும் சொன்னான். மகா மோசமான முடிவு. முகம் சிவந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன். பெண்கள் பக்கம் போன பிறகு நான் என்ன பேசுகிறேன் என்பது என் பாடு. அண்ணியின் காதருகே குனிந்தேன்.

அவன் போய் உட்காரவில்லை. அண்ணியின் சிரிப்புச் சத்தம் வரும்வரை சுவருக்கு அந்தப் பக்கம் அவன் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.