புஷ்பவல்லியின் வண்டி

ரங்கூனிலிருந்து வந்த கப்பல் துறைமுகத்தில் சாமான்களை இறக்கிப் போட்டபோது, ஜெயவேல் முதலில் தேடியது அந்தப் பச்சை நிறச் சின்ன மோட்டார் சைக்கிளைத்தான். கைப்பிடியில் கோணிச் சாக்கு சுற்றியிருந்தது. கப்பலில் ஏற்றும் முன்பே பெட்ரோலை வடித்துவிட்டிருந்தார்கள்.

"வண்டியா நைனா அது!" கம்பி வேலிக்கு அப்பாலிருந்து அவன் அண்ணன் பக்தவச்சலம் கத்தினார். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் அவருடன் வேலை செய்யும் நாலைந்து பேரையும் கூட்டி வந்திருந்தார். "என் தம்பி பர்மாவுல இதுலதான் சுத்திகினு இருந்தான், பாத்துக்கோ!"

ஜெயவேல் சிரித்தான். இல்லையென்று சொல்லவில்லை.

வண்டி அவனுடையதல்ல, அவன் மனைவி புஷ்பவல்லியுடையது. அவள் ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவள், பிரசவம் பார்க்கும் நர்ஸ். ஆஸ்பத்திரிச் சம்பளத்தில் வாங்கி, மழையிலும் வெயிலிலும் அதில்தான் வீடு வீடாகப் போனாள். பர்மாவில் உள்நாட்டுச் சண்டை தொடங்கி, மரம் அறுக்கும் மில்லில் ஜெயவேலுக்கு வேலை போன பிறகு, அவன் பின்னால் உட்கார்ந்து போவான், அவ்வளவுதான். அங்கே யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் ஊருக்கு எழுதும்போதெல்லாம் 'என் வண்டி' என்றே எழுதிப் பழகிவிட்டான்.

சுங்க அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார். ஊர் மாறி வருகிறவர் தான் ஓட்டிய வண்டியைக் கொண்டுவரலாம், விற்பதற்கென்று கொண்டுவரக் கூடாது. அதனால் கேட்டார்:

"யார் ஓட்டினது?"

"நான்தான் சார்."

"கியர் எந்தக் காலில்?"

ஜெயவேல் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். அவனுக்குப் பின்னால் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த புஷ்பவல்லி, உதவி செய்கிற நினைப்பில் சட்டென்று, "வலது கால்" என்றாள்.

வேலிக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். "பொண்டாட்டி எடுத்துக் குடுக்குது மாமு!"

"நீ வாய மூடு," என்று ஜெயவேல் சீறினான். "உனக்கு இன்னா தெரியும் வண்டியப் பத்தி?" அதிகாரியிடம் திரும்பினான். "இடது கால் சார்."

அதிகாரி குனிந்து பார்த்தார். கியர் மிதி வலது பக்கம் இருந்தது.

"இது யார் சரக்கு? உண்மையைச் சொல்."

அப்போதாவது அவன் சொல்லியிருக்கலாம். வேலிக்கு அப்பால் அண்ணன் முகம் தெரிந்தது.

"ஒரு தோஸ்து குடுத்தான் சார்... மெட்ராஸ்ல சேத்துடச் சொல்லி."

வண்டியைக் கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். புஷ்பவல்லி எழுந்து, போகிற வண்டியைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கொருக்குப்பேட்டை வீட்டில் அண்ணி மீன் கழுவிக்கொண்டே அவளிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"பர்மாவுல பிரசவம் பாக்கப் போவேன்றியே, அம்மாந்தூரம் எப்டிம்மா போவே? ரிக்ஷாவா?"

வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஜெயவேலின் கை நின்றது.

"நடந்துதான் போவேன் அக்கா," என்றாள் புஷ்பவல்லி.

நேற்று அத்தனை பேர் எதிரில் அவன் அவளை அடக்கியபோதுகூட அவனுக்கு இவ்வளவு கூசவில்லை. அவன் சொன்ன பொய் இடிந்து விழாமல் அவள் தோள் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். வாய் கொப்பளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நேரே துறைமுகத்துக்கு நடந்தான்.

வண்டி யாருடையது என்று அவன் சொன்னதை அதிகாரி முழுக்கக் கேட்டார். பிறகு, "பெண்சாதி வண்டின்னு சொல்ல என்னய்யா வெட்கம்? அதுக்குக் கள்ளச் சரக்குன்னு ஒத்துக்கிட்டியா?" என்றார். சுற்றிலும் இருந்த குமாஸ்தாக்கள் தலை நிமிர்ந்தார்கள். "அந்தம்மாவைக் கூட்டிட்டு வா. அவங்க சொல்லட்டும்."

அவன் திரும்பியபோது அண்ணன் சாப்பாட்டில் இருந்தார். ஜெயவேல் உட்காரவில்லை.

"அண்ணா, அந்த வண்டி இவளுது. இவதான் ஓட்டுவா. நான் பின்னாடி குந்திகினு போவேன். எனக்கு ஓட்டவே தெரியாது."

பக்தவச்சலம் மென்றதை விழுங்க மறந்தார். "இத்த நேத்தே சொல்றதுக்கு இன்னாடா?" என்று முனகிவிட்டுத் தட்டைப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால்கூட ஜெயவேலுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

புஷ்பவல்லி அடுப்படி வாசலில் நின்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் வலதுன்னு சொன்னப்ப, அது சரின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் இடதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே போய் ரங்கூன் லைசென்சை எடுத்துக்கொண்டு வந்தாள். "வாங்க, போலாம்."

வண்டியின் விவரங்களை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னதும் அதிகாரிக்குச் சந்தேகம் தீர்ந்தது. வரி கட்டி வண்டியை மீட்டார்கள். பதிவு செய்யும் ஆபீசில் இன்ஸ்பெக்டர் அவளை ஓட்டிக் காட்டச் சொன்னபோது தெருவே வேடிக்கை பார்த்தது. புடவை முந்தானையை இறுகச் செருகிக்கொண்டு ஒரே உதையில் வண்டியைக் கிளப்பி, மாட்டு வண்டிகளுக்கு நடுவே வளைத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். மெட்ராஸ் நம்பர் கிடைத்தது.

"ஏறுங்க," என்றாள்.

ஜெயவேல் ஏறவில்லை. ஜனங்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக அல்ல. அந்த இடத்தில் உட்கார இன்னும் தனக்கு யோக்கியதை வரவில்லை என்று தோன்றியது. "நான் ட்ராம்ல வர்றேன்," என்றான். அவள் வற்புறுத்தவில்லை.

சில மாதத்தில் திருவொற்றியூரில் ஒரு பிரசவ விடுதியில் அவளுக்கு வேலை கிடைத்தது. பிரசவம் பார்க்க, வடக்கே கடலோர நெட்டுக்குப்பம் வரைக்கும் வண்டியில் போய் வந்தாள். அவனும் பின்னால் உட்காரப் பழகிக்கொண்டான். வீட்டில் பேச்சும் சிரிப்பும் மெல்லத் திரும்பின.

ஆனால் வெளியாள் எதிரில் யாராவது அவனை ஏதாவது கேட்டால், விடை தெரிந்திருந்தாலும் அவள் வாய் திறப்பதில்லை. ஒருநாள் ரேஷன் கடைக்காரர் கேட்டதற்கு ஜெயவேல் தப்பாகச் சொன்னான். அவள் பக்கத்திலேயே, பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"நீ சொல்லேன் புஷ்பா," என்றான் மெதுவாக.

"நீங்களே சொல்லுங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை.