தலையணையின் பதினோராம் பக்கம்

பன்னிரண்டு புத்தகம். அதுக்கு மேல ஒண்ணுகூட வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. ஆபீஸ் ஆறாவது மாடியிலிருந்து ரெண்டாவது மாடிக்கு இறங்குது. அங்க இருக்கிறது ஒரே ஒரு அலமாரித் தட்டு, அதுலயும் பாதி இடம் பிரிண்டருக்காம். இருபது வருஷமா சேர்ந்துபோன இருநூத்திச் சொச்சம் புத்தகத்துல உருப்படியானது எதுன்னு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நான் சொல்லணும். ஆறு மணிக்கு சாமான் தூக்குறவங்க வந்துடுவாங்க.

"உங்களை விட்டா யாரு மேடம்"னாரு. இதைச் சொல்லிச் சொல்லியேதான் இருபது வருஷமா எல்லாத்தையும் என் தலையில கட்டுறாங்க.

எங்க வேலை என்னன்னு சொல்லிடுறேன். ரத்தப் பரிசோதனை முடிவை லேப்லேருந்து வாங்கி, டாக்டருக்கும் நோயாளிக்கும் அனுப்புற சாஃப்ட்வேர். ஒரு காலத்துல அது ஒரே புரோகிராமா இருந்துச்சு. அழகா இல்லைன்னாலும் ஓடுச்சு. இப்போ அது முப்பத்தெட்டுத் துண்டு. ஒவ்வொரு துண்டும் தனித்தனியா ஓடும், ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கும், ஒண்ணு படுத்தா இன்னொண்ணு முரண்டு பிடிக்கும். இதைப் பார்த்துக்கிற டீம் மொத்தம் அஞ்சு பேர். நான் சாப்பாட்டுத் தட்டுல கை வெச்சா போன் அடிக்கும். என் வீட்டுக்காரர் போனை எடுத்து நீட்டிக்கிட்டே, "இன்னைக்கு எத்தனாவது துண்டு?"ன்னு கேட்பாரு. கேலி பண்றாரா பரிதாபப்படுறாரான்னு கண்டுபிடிக்கிற தெம்பெல்லாம் எனக்குப் போயாச்சு.

சரி, புத்தகம். தரையில உட்கார்ந்தேன், முட்டி ரெண்டும் கடக்குன்னுச்சு. முதல்ல அட்டையில ஏதாவது சாஃப்ட்வேரோட பேரும் அதோட பதிப்பு எண்ணும் போட்டிருக்கிறதையெல்லாம் தூக்கிப் போடுற பெட்டியில போட்டேன். அதெல்லாம் அச்சாகி வர்றதுக்குள்ளயே பழசாயிடும். எண்பது போச்சு. அடுத்தது, "சுலபமாக"ன்னு ஒரே பக்கத்துல மூணு தடவை எழுதியிருக்கிறவங்க. இவங்கெல்லாம் எழுதினதோட சரி, எதையும் அஞ்சு வருஷம் கட்டிக் காப்பாத்தினதே கிடையாது. அப்புறம் கலர் கலராக் கட்டம் போட்ட படம், கட்டத்துக்கு நடுவுல அம்புக்குறி, அந்த அம்புக்குறி அறுந்துபோனா என்ன ஆகும்னு ஒரு வரி இருக்காது. அதுவும் பெட்டிக்குள்ள.

மிஞ்சினதுக்கு நான் வெச்சிருக்கிற சோதனை ஒண்ணே ஒண்ணுதான். தான் சொல்ற வழியை எங்கெல்லாம் பயன்படுத்தக் கூடாதுன்னு எழுதினவரே சொல்ற பக்கம் இருக்கா? இருந்தா நல்ல புத்தகம். இல்லைன்னா அது விளம்பரம். இந்த ஒரு சோதனையில ஏகப்பட்ட பெரிய பேரெல்லாம் குப்புற விழுந்துச்சு.

எங்க புத்தகத்துக்கெல்லாம் இன்னொரு விசேஷம் உண்டு. எங்க டீம்ல யாராவது ஓடிக்கிட்டிருக்கிற சிஸ்டத்தைக் கவுத்துட்டா திட்டு கிடையாது. அந்தத் தப்புக்குச் சம்பந்தப்பட்ட புத்தகத்தை எடுத்து, கடைசியில இருக்கிற வெத்துப் பக்கத்துல, என்ன செஞ்சேன், என்ன நினைச்சுச் செஞ்சேன்னு கையால எழுதி, பட்டப்பேர் போட்டுக் கையெழுத்து வைக்கணும். அதுக்கு வாக்குமூலம்னு பேரு. டேட்டாபேஸ் புத்தகத்துல ஏழு வாக்குமூலம் இருக்கு. "சோதனை மெஷின்னு நினைச்சு அழிச்சேன், நிஜ மெஷின்." இது ரெண்டு தடவை இருக்கு, ரெண்டும் ஒரே ஆள் எழுதினது. இந்த வழக்கத்தை ஆரம்பிச்சது நான்தான். செஞ்ச கைதான் எழுதணும்னு விதி போட்டதும் நான்தான்.

நாலரை மணிக்குப் பதினோரு புத்தகம் தேறிச்சு. மேனேஜர் காபியோட வந்து நின்னாரு. சின்ன வயசு, என்னைவிடப் பத்து வருஷமாவது இளையவரு. இங்க சேர்ந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்தவரு, "இதையுமா தூக்கிப் போடுறீங்க?"ன்னு கேட்டாரு.

தலையணையைத்தான் சொன்னாரு. தொள்ளாயிரம் பக்கம், அதனால அந்தப் பேரு. பெரிய புரோகிராமைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு எழுதுறது எப்படின்னு சொல்ற புத்தகம். எங்க முப்பத்தெட்டுத் துண்டும் அதுலேருந்து பிறந்ததுதான்.

"அதைத்தான் முதல்ல தூக்கிப் போடணும். எங்க உயிரை எடுத்ததே அதுதான்"னேன்.

அவர் அதை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாரு. "பென்சில்னு கையெழுத்துப் போட்டிருக்கிறவர்தானே பிரிச்சது? மேடம், இந்த முப்பத்தெட்டையும் பிரிச்சது நான்தான்னு எழுதி அவரு திரும்ப வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்காரு. இந்தத் துண்டையெல்லாம் திரும்பச் சேர்க்கப் போறோமில்லையா, அந்த வேலைக்கு. உங்க தலைமையிலதான் அந்த டீமே. ஆனா இதைப் பார்த்தா வேண்டாம்னு போட்டுடலாம்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?"

"அஞ்சரைக்குச் சொல்றேன்." அவர் புத்தகத்தை என் மடியில வெச்சுட்டுப் போயிட்டாரு.

பென்சில் எனக்குக் கீழ வேலை பார்த்தவன். புத்தகம் படிக்கும்போது காதுல பென்சில் சொருகியிருக்கும், அதான் பேரு. என்னை அக்கான்னுதான் கூப்பிடுவான். கடைசிப் பக்கத்துல அவன் கையெழுத்துல இருக்கிறது எனக்கு மனப்பாடம். "ஒரே புரோகிராமை முப்பத்தெட்டாப் பிரிச்சேன். நோயாளியோட போன் நம்பரை ஆறு துண்டுல வெச்சேன். ஒண்ணுல மாத்தினா மத்த அஞ்சுலயும் மாறும்னு நினைச்சேன். மாறலை."

ரெண்டு நாள், நானூறு பேரோட முடிவு பழைய நம்பருக்குப் போயிடுச்சு. நானூறு பேரும் என்னவோ ஏதோன்னு போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அப்போ இருந்த பெரிய அதிகாரி, யாருன்னு ஒரு பேரைச் சொல்லுங்கன்னு நின்னாரு. நான் பொண்ணுக்குக் காய்ச்சல்னு வீட்டுல இருந்தேன். திரும்பி வந்தப்போ வாக்குமூலம் எழுதியாச்சு. பென்சில் ஒரு வார்த்தைகூட என்னைச் சொல்லலை. "செஞ்ச கைதான் எழுதணும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க"ன்னான். பிரிக்கச் சொன்னது நான். எத்தனை துண்டுன்னு பலகையில வரைஞ்சு கொடுத்தது நான். போன் நம்பரை ஆறு இடத்துல வைக்கச் சொன்னதும் நான்தான். நாளைக்குப் பெரிய அதிகாரிகிட்ட போய்ச் சொல்லிடலாம்னு நினைச்சேன். நாளைக்கு வேற வேலை வந்துச்சு. அடுத்த மாசம் அவன் கணக்கை முடிச்சு அனுப்பிட்டாங்க. ஒன்பது வருஷம் ஆச்சு, நான் மென்னு முழுங்கிக்கிட்டே இருக்கேன்.

இந்த ஒன்பது வருஷமும் எனக்கு இருந்த ஒரே ஆறுதல், தப்பு புத்தகத்து மேலங்கிறதுதான். எழுதினவன் படுபாவி, ஊர்ல இருக்கிற எல்லாரையும் பிரிக்கச் சொல்லி ஏத்திவிட்டான், நாங்க ஏமாந்தோம். இதைச் சொல்லித்தான் என் மனசை நான் தட்டிக் கொடுத்துக்கிட்டிருந்தேன். அஞ்சரைக்கு மேனேஜர்கிட்டயும் அதையே சொல்லலாம். பையன் மேல தப்பில்லை, புத்தகம் அப்படி. அவனுக்கும் வேலை கிடைச்சுடும், எனக்கும் ஒண்ணும் ஆகாது. நல்ல யோசனைதான். அதுக்கு ஒரு ஆதாரம் வேணும்னு என் சோதனையை வைக்கக் கிளம்பினேன். எங்கெல்லாம் பயன்படுத்தக் கூடாதுன்னு சொல்ற பக்கம் இதுல இருக்கா? இருக்காதுன்னு சத்தியமே பண்ணியிருப்பேன்.

நாலாவது அத்தியாயத்துலேருந்து தேடினேன். ஏன்னா நான் படிச்சதே அங்கிருந்துதான். அதுக்கு முன்னாடி இருக்கிறதெல்லாம் எழுதினவர் மாமனார்வரைக்கும் நன்றி சொல்ற இடம்னு என் நினைப்பு. படமெல்லாம் நாலுலதான் ஆரம்பிக்கும். அங்கிருந்து கடைசிவரைக்கும் நான் ஒட்டின மஞ்சள் சீட்டும் காபிக் கறையுமா கிடந்துச்சு, நான் தேடினது இல்லை. நிம்மதியாத்தான் இருந்துச்சு. சும்மா ஒரு நேர்மைக்கு முதல் அத்தியாயத்தைப் புரட்டினேன்.

பதினோராம் பக்கம். உங்க டீம் ஒரே ரூம்ல உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கிற அளவுக்குச் சின்னதுன்னா, இந்தப் புத்தகத்தை இங்கயே மூடி வெச்சுடுங்க, பிரிச்சா அழுவீங்கன்னு அச்சுல போட்டிருந்துச்சு. மனுஷன் ஒளிச்சு மறைச்சுச் சொல்லலை. ஒரு பத்தி முழுக்கச் சொல்லியிருந்தாரு.

அந்தப் பத்திக்கு அடியில பென்சில் கோடு. ஓரத்துல அவனோட பொடிப்பொடியான எழுத்து. "அக்கா, நாம அஞ்சு பேர்தானே. இதைப் படிச்சீங்களா?"

அந்த நாள் ஞாபகம் வந்துடுச்சு. பிரிக்கிற வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, நான் படிச்சு முடிச்ச இந்தப் புத்தகத்தை அவனும் வாங்கிப் படிச்சுட்டு, திரும்பக் கொண்டுவந்து என் மேஜையில வெச்சான். "முதல் அத்தியாயம் ஒரு தடவை பாருங்கக்கா"ன்னான். நான் சரி சரின்னு தலையாட்டினேன். என் மானிட்டர் ரொம்பத் தணிவா இருந்து கழுத்து வலிச்சுக்கிட்டே இருந்துச்சு. புத்தகம் சரியான தடிமன். எடுத்து மானிட்டருக்கு அடியில வெச்சுட்டேன். எட்டு மாசம் அது அங்கதான் இருந்துச்சு, அவன் கண்ணெதிரே. லீவு முடிஞ்சு வந்தன்னைக்கு என் மானிட்டர் நாலு விரல்கடை இறங்கியிருந்துச்சு. வாக்குமூலம் எழுதத் தலையணையை அதுக்கடியிலிருந்துதான் அவன் உருவியிருக்கான்.

வெக்கமா இருந்துச்சு. சொல்லிக்கிற மாதிரி வேற வார்த்தை ஒண்ணும் இல்லை.

பேனா எடுத்தேன். அவன் வாக்குமூலத்துக்குக் கீழ கொஞ்சம்தான் இடம் இருந்துச்சு. "மேல இருக்கிறது செஞ்ச கை. செய்யச் சொன்ன வாய் என்னோடது. முதல் அத்தியாயத்தைப் படிக்காம முப்பத்தெட்டாப் பிரிக்கச் சொன்னேன். அவன் தடுத்தான், நான் பார்க்கலை. அவன் பேர்ல பழி விழுந்தப்போ வாயை மூடிக்கிட்டேன்"னு எழுதி, பட்டப்பேர் போடாம, சம்பளச் சீட்டுல இருக்கிற முழுப்பேரைப் போட்டேன்.

அஞ்சரைக்கு வந்த மேனேஜர் நின்னுக்கிட்டே படிச்சாரு. பதினோராம் பக்கத்தையும் காட்டினேன்.

"இதை நீங்க எழுதாமலே இருந்திருக்கலாம் மேடம்"னாரு. "இப்போ அந்தச் சேர்க்கிற வேலையை உங்க பொறுப்புல எப்படிக் கொடுக்கிறது? மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"அவன்கிட்ட கொடுங்க. வேண்டாம்னு சொன்னவனுக்குத்தான் சேர்க்கத் தெரியும். நான் அவனுக்குக் கீழ இருந்துக்கிறேன்."

நாற்பத்தெட்டு வயசுல இதைச் சொல்றது ஒண்ணும் தேன் குடிக்கிற மாதிரி இல்லை. அவர் பெருமூச்சு விட்டாரு. "சரி. வரச்சொல்லுங்க. மேல நான் பேசிக்கிறேன். உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்கே தெரியலை."

ஒன்பது வருஷமா அழுத்தாத நம்பர். ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டான்.

"சொல்லுங்கக்கா." குரல்ல ஆச்சரியம்கூட இல்லை, அலுப்புதான் இருந்துச்சு.

"பதினோராம் பக்கத்தை இன்னைக்குத்தான்டா படிச்சேன்."

எந்தப் புத்தகம்னு அவன் கேட்கலை.

"படிக்கவே இல்லையாக்கா அப்போ?"

"இல்லை."

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா?" மெதுவாத்தான் சொன்னான். "நீங்க படிச்சுட்டுத்தான் அதை ஒதுக்கிட்டீங்கன்னு நினைச்சேன். உங்களுக்கு ஏதோ பெருசா புரிஞ்சிருக்கு, எனக்குத்தான் புத்தகம் படிக்கத் தெரியலைன்னு. அதுக்கப்புறம் எந்த ஆபீஸ்லயும் யார்கிட்டயும் நான் வேண்டாம்னு சொன்னதில்லை. சொன்னதைச் செஞ்சுட்டு வந்துடுவேன். பென்சிலே எடுக்கிறதில்லைக்கா இப்போ."

அவன் வேலை போனதுதான் நான் செஞ்ச பாவம்னு இத்தனை வருஷமா கணக்குப் போட்டு வெச்சிருந்தேன்.

"உனக்குச் சரியாத்தான்டா புரிஞ்சிருக்கு"ன்னேன். "அஞ்சு பேர்ல உனக்கு மட்டும்தான் புரிஞ்சிருக்கு."

வேலையைப் பத்திச் சொன்னேன். பொறுப்பு அவனோடதுன்னு சொன்னேன். "யோசிச்சுச் சொல்றேன்க்கா"ன்னான். அவ்வளவுதான். நான் கெஞ்சலை. கெஞ்சுற யோக்கியதையும் எனக்கு இல்லை.

ஆறு மணிக்குச் சாமான் தூக்குறவங்க வந்தாங்க. பெட்டியையெல்லாம் கொண்டுபோனாங்க. பன்னிரண்டாவது புத்தகமா தலையணையை நானே கையில எடுத்துக்கிட்டு ரெண்டாவது மாடிக்கு இறங்கினேன்.

அங்க என் மேஜையை ஜன்னல் ஓரமாப் போட்டிருந்தாங்க. மானிட்டர் தணிஞ்சு கிடந்துச்சு, குனிஞ்சாத்தான் எழுத்துத் தெரியுது. தூக்கிட்டு வந்தவர் நல்ல மனுஷன், என் கையைப் பார்த்து, "அந்தப் புத்தகத்தைக் கொடுங்க மேடம், அடியில வெச்சா சரியா இருக்கும்"னாரு.

"வேண்டாங்க, அது வேற ஒருத்தரோடது"ன்னேன்.