கேப்டன் அனுப்பிய ஆள்

கூடத்தில் நாற்காலிகள் போதவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து இரவல் வாங்கிப் போட்டும் சுவரோரமாக ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் கணவனோடு உட்கார்ந்திருந்த மருமகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மாமனாரை நினைவுகூர மிஞ்சிப்போனால் நாலு கிழவர்கள் வருவார்கள், ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசிவிட்டு டீ குடித்துவிட்டுக் கலைவார்கள் என்று நினைத்து வந்தவள் அவள். இங்கே என்னடா என்றால் ஊரே திரண்டு நிற்கிறது.

மேடையில் மாமனாரின் படம். வெள்ளைக் கடற்படைச் சீருடையில் மீசையை முறுக்கிவிட்டு நிற்கும் நிற்பைப் பார்த்தால் கப்பலையே ஓட்டியவர் என்று தோன்றும். ஓட்டவெல்லாம் இல்லை. கப்பலின் அடித்தட்டில், பம்புகளோடும் கழிவுக் குழாய்களோடும் மாரடித்தவர். சரி, கரைக்கு வந்த பிறகாவது மனிதர் சும்மா கிடந்தாரா? எந்த வீட்டில் சாக்கடை அடைத்தாலும் நீளக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். போன இடத்தில் யாராவது படுத்த படுக்கையாக இருந்தால் போச்சு, அவரைக் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வருவார். ஆஸ்பத்திரியில் ஆளில்லாதவர்களுக்கு ஆளாக உட்கார்ந்திருப்பார். கைநீட்டி ஒரு வாய் டீக்கு மேல் எதுவும் வாங்கமாட்டார்.

ஒரே ஒரு வழக்கம் மட்டும் உண்டு. உத்தரவு வாங்காமல் வீட்டைவிட்டு இறங்கமாட்டார். கப்பலில் அடித்தட்டுக்கு இறங்குகிறவன் இன்னார் அனுப்பி இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டுமாம். உள்ளே மாட்டிக்கொண்டால் தேடி வர ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே. மனைவி இருந்தவரை அவளிடம் கேட்டார். அவள் போன பிறகு, சமையலறை வாசலில் வந்து நின்று மருமகளிடம் கேட்பார்.

"அம்மா, தையல்காரர் வீட்டுல அடைச்சுக்கிச்சாம். போகட்டுமா?"

"எங்கேயாவது போய்த் தொலைங்க, மாமா."

"உத்தரவு" என்பார். விறைப்பாக ஒரு நிமிர்வு. கம்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது, இல்லாமல் இல்லை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள். மடிப்புக் கலையாத புடவை, சிரித்த முகம். ஒருநாள் வாயைப் பொத்திக்கொண்டு வந்த ஒரு அம்மாள், கூட்டத்துக்கு நடுவே, "நீங்க அந்தச் சாக்கடை குத்துறவரோட மருமகதானே?" என்று கேட்டுவிட்டாள். கேட்டது பாசமாகத்தான். ஆனால் இவளுக்கு மானம் கப்பலேறிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்த வேகத்தில் சட்டம் போட்டாள்: அந்த வேலைக்குப் போன நாளில் மாமா வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது, பின்வாசல் குழாயில் குளித்துவிட்டு, பின்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தட்டைக் கதவிடுக்கு வழியாகத்தான் நீட்டுவாள். அவர் அதற்கும் "உத்தரவு" என்றார். அவர் மகன், அதுதான் அவள் கணவன், செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் தையல்காரர். "எங்க வீட்டுல வெள்ளம் பூந்தப்ப, இடுப்பளவு தண்ணியில வந்து எங்கம்மாவைத் தோள்ல தூக்கிட்டுப் போனாரு. ஏன் சார் இந்த வயசுல இப்படின்னேன். என்ன சொன்னாரு தெரியுமா? 'நான் எங்க வந்தேன்? எங்க கேப்டன் அனுப்பினாங்க'ன்னாரு."

கூட்டம் சிரித்தது. மருமகளும் சிரித்து வைத்தாள். யாரோ பழைய கப்பல் அதிகாரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து நர்ஸ். "எங்க வார்டுலயும் அதே கதைதான். 'கேப்டன் உத்தரவு, மீற முடியுமா'ம்பாரு. எனக்கு அந்தக் கேப்டனை ஒரு தடவையாவது பார்க்கணும்னு ஆசை. இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

சொல்லிவிட்டு நர்ஸ் மேடையிலிருந்து மருமகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கூடமே அவள் பக்கம் திரும்பியது. பின்வரிசையில் சிலர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. போய்த் தொலைங்க என்ற ஒவ்வொரு தடவையும், மனிதர் அதை வெளியே கொண்டுபோய் எந்தப் பெயரில் கொடுத்திருக்கிறார் என்று. முகத்தில் ஈயாடவில்லை.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பின்வீட்டு மாடியில் குடியிருக்கும் லாரி டிரைவர் மைக்கைப் பிடித்தார். அவர் ஜன்னலைத் திறந்தால் இவர்கள் பின்படிதான் தெரியும்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார் டிரைவர். "ஒருநாள் மழையில அவரு குடையைப் பிடிச்சுக்கிட்டு பின்படியில சாப்பிட்டுட்டு இருந்தாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என்னய்யா மருமக இவன்னு இறங்கி வந்து கத்தினேன். அவரு என்னைப் பிடிச்சு உலுக்கிட்டாரு. 'யோவ், கப்பல்ல அடித்தட்டு வேலை பார்த்துட்டு வர்றவன் சாப்பாட்டு அறைக்குள்ள நுழையக்கூடாது. நான் மறந்துட்டேன், எங்க கேப்டன் மறக்கல. ஒழுங்குன்னா அவகிட்டதான் கத்துக்கணும்'னாரு. தங்கச்சி, உன்னைத் தப்பா நினைச்சதுக்கு இந்த அண்ணனை மன்னிச்சுக்கம்மா."

பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடாதா என்றிருந்தது அவளுக்கு. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். வாய்க்கு அவள் குறைந்தவள் இல்லை. மன்னிப்புக் கேட்கிறவரிடம் என்னத்தைச் சொல்வது? மழையில் பின்படியில் உட்கார்ந்து தின்றுகொண்டே, அவள் மானத்துக்கு அல்லவா குடை பிடித்திருக்கிறார் அந்த மனிதர்!

குடியிருப்போர் சங்கத் தலைவர் எழுந்தார். மறைந்தவருக்கு நன்றியாக ஒரு கேடயம் செய்திருக்கிறோம், அதை அவரை அனுப்பிவைத்த கேப்டன் கையில் கொடுப்பதுதான் முறை என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. "நான் வாங்கமாட்டேன்" என்றாள் கணவனிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்களுக்குத் தெரியாதா எல்லாம்?"

"பேசாம வாங்கிட்டு வந்துடு" என்று அவன் முணுமுணுத்தான். "அப்பாவே சொல்லிட்டுப் போனது, அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நமக்கும் கௌரவம்."

அந்தக் கௌரவம் என்ற சொல்தான் அவளைப் பிடித்துத் தள்ளியது. மேடைக்குப் போனாள். தலைவர் நீட்டிய கேடயத்தை வாங்காமல் மைக்கைப் பிடித்தாள்.

"நான் அனுப்பல" என்றாள். "மாமா வந்து கேப்பாரு. போய்த் தொலைங்கன்னு சொல்வேன். அவ்வளவுதான் நான் சொன்னது. பின்படியில உட்கார வெச்சது கப்பல் ஒழுங்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்கு அருவருப்பு. வெளியில நாலு பேர் சொல்றாங்களேன்னு வெட்கம். அதான். நான் நல்லவ இல்லீங்க. இதை எனக்குக் கொடுக்காதீங்க."

தையல்காரர் தலையை ஆட்டிச் சிரித்தார்.

"இதையும் சொல்லியிருக்காரு சார்! 'எங்க கேப்டனைப் புகழ்ந்தா அவங்களுக்குப் பிடிக்காது, இல்லவே இல்லைன்னு சண்டைக்கு வருவாங்க'ன்னு!"

கூடம் கொல்லென்று சிரித்தது. நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினாள். டிரைவர் எழுந்து நின்று தட்டினார். அவள் "ஐயோ, நிஜமாத்தான் சொல்றேன்" என்றது அந்த இரைச்சலில் யார் காதிலும் ஏறவில்லை. தலைவர் கேடயத்தை அவள் கையில் திணித்துவிட்டார். உண்மையைச் சொல்லிப் பாரத்தை இறக்கிவிடலாம் என்று வந்தவளுக்கு அதற்கும் வழியில்லாமல் போயிற்று. முகம் எரிந்தது.

இறங்கும்போது ஒரு கிழவி வழிமறித்தாள். தனியாக இருப்பவள் போல. சேலையின் ஓரம் நனைந்திருந்தது. மருமகளின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"கேப்டன், இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். குளியலறையில தண்ணி போகாம தேங்கி நிக்குது. வழுக்கி விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு. யாரையாவது அனுப்பி வைக்கிறீங்களா, தாயி?"

மருமகள் கணவனைத் தேடினாள். அவன் அதற்குள் வாசல் பக்கம் போய்விட்டிருந்தான். கிழவி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். போய்த் தொலைங்க என்று சொன்னாலும் போவதற்கு, மருமகளுக்கென்று இருந்த ஒரே ஆள் மாமாதான்.