இடுப்பருகே ஒரு கைத்தட்டல்

...இன்றைக்குத் தட்டப் போவதில்லை, தட்டவே போவதில்லை என்று வினிஃப்ரெட் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், வாயோ மேடை வசனத்தைத் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது, கை உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் டெரெக், இந்த நாடகத்தில் அவள் புருஷன், குடித்துவிட்டு வந்து அவளை அறைய வேண்டும். அவன் கை கன்னத்தைத் தொடாது, காற்றைத்தான் வெட்டும், சத்தம் மட்டும் அவளுடையது... அடி வாங்குகிறவள்தான் இடுப்பருகே, ஏப்ரன் மறைவில், கையோடு கை தட்டிக்கொண்டு தலையைத் திருப்ப வேண்டும். மேடையில் அறை என்றால் அப்படித்தான். திரை விலகுமுன் டெரெக் கேலி செய்தான், "என்ன வின்னி, சத்தம் உன்னுது, கெட்ட பேரு எனக்கா? நேத்து வாசல்ல ஒரு கிழவி குடையால குத்த வந்துட்டா என்னை!" நல்ல பையன், பாவம். அவன் சொன்னதில் பாதிதான் விழுந்தது, காலையிலிருந்து இடது காதுக்குள் ஒரு கெட்டில் கூவிக்கொண்டே இருக்கிறது.

காலையில் விழுந்தது மேடை அறை இல்லை. முட்டை சரியாக வேகவில்லை என்றா, இல்லை, பேப்பரில் வந்த அவர் படத்தைப் பார்த்து அவள் சிரித்ததாலா? ஸ்டான்லி த்ரெல்ஃபால், அவளுடைய நிஜப் புருஷன், இன்றைக்கு அறுபதாவது பிறந்தநாள், இங்கிலாந்தே தூக்கி வைத்துக் கொண்டாடும் நாடகாசிரியர், அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையை அலமாரிக் கதவில் மோதினார், ஒரு தடவை, பிறகு நிதானமாக இன்னொரு தடவை, உள்ளே பீங்கான் தட்டுகள் அதிர்ந்து அடங்கும்வரை காத்திருந்து. ஹல் துறைமுகத்தில் மீன் அறுத்த அப்பன் அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்தேன், அதைத்தான் இந்த நாடகமாக எழுதினேன் என்று பேட்டிக்குப் பேட்டி சொல்வார். பொய். மாமியாரே வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள், "யாரு, எங்க வீட்டுக்காரரா? ஈ வந்தாக்கூட ஜன்னலைத் தொறந்து விடுற மனுஷன்டி அது." அப்புறம் எங்கிருந்து வந்ததாம்? லீட்ஸ் வாடகை அறையில், முதல் நாடகம் யாரும் சீண்டாமல் திரும்பி வந்த அன்றைக்கு அவள் உதடு கிழிந்தது, ரத்தத்தை விழுங்கிக்கொண்டு ஏதோ முனகினாள், ஓங்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டார். "இப்ப என்ன சொன்ன? திரும்பச் சொல்லு. அழாத வின்னி, அழுதா வார்த்தை கேக்கல." டைப்ரைட்டரை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவளும் சொன்னாளே... ஏன் சொன்னாள்? "அடிச்ச கை வலிக்குதா?" அந்த வரிக்குத்தான் லண்டன் எழுந்து நின்றது, அந்த வரியைத்தான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், அறை விழுந்ததும் அவள் பேச வேண்டியதும் அதுதான்.

கதவு உதைபட்டுத் திறந்தது. டெரெக் தள்ளாடி வந்தான், கத்தினான், கை விசிறி வந்தது. வினிஃப்ரெட் இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் ஈரத்தோல்களின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி நின்றாள். சத்தமே இல்லை. பார்க்கட்டும், சத்தம் போடாத அறை எப்படி இருக்கும் என்று எல்லாரும் பார்க்கட்டும்... பால்கனியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "தட்டு, வின்னி, தட்டுடி," டெரெக் உதடு அசையாமல் கெஞ்சினான். மாட்டேன். சிரிப்பு பரவியது, அவருடைய பிறந்தநாளில், அவர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே, அவருடைய அறையைப் பார்த்துச் சிரிப்பு, அவளுக்கும் தொண்டைவரை சிரிப்பு வந்துவிட்டது, அப்போதுதான் அரங்கின் கடைசி வரிசை இருட்டிலிருந்து ஒரு கைத்தட்டு... பளார்.

சபை மொத்தமும் பின்னால் திரும்பியது. அவள் பார்க்க வேண்டியதில்லை, அந்தக் கைகளை அவளுக்குத் தெரியும். டெரெக்கின் கை இன்னும் அந்தரத்தில் நிற்கிறது, யாரும் அவளைத் தொடவில்லை, அவளும் தட்டவில்லை. அப்படியானால் கண்ணுக்கு நேரே ஏன் மேடையின் பக்கச் சுவர் இருக்கிறது, கன்னம் எப்போது இந்தப் பக்கம் திரும்பியது... நிமிர்த்தலாம், கழுத்து அவளுடையதுதானே... நாக்கின் நுனியில் அந்த வரி வந்து நிற்கிறது, ஒத்திகை பார்த்ததுபோல.