ஏற்றுக்கொள்ளப்பட்ட மறுப்புகள்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் அக்காவின் காருக்குள். ஓட்டியது நான். பின் இருக்கையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, "எனக்குத் தகுதியில்லை, வேற யாரையாவது பாருங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் அதில் பணிவு கூடும். அடுத்த வளைவில் ஒரு சின்ன இருமல் சேரும்.

அக்கா பல் டாக்டர். சட்டமன்ற உறுப்பினரும்கூட, இது இரண்டாம் தடவை. தேர்தல் முடிந்துவிட்டது. சட்டமன்றத்தில் கட்சிக்கு யார் தலைவர் என்று முடிவு செய்ய, ஜெயித்த எல்லாரையும் மலைமேல் ஏரிக்கரை விடுதி ஒன்றுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று கைபேசிகளை வாங்கி ஒரு கூடையில் போட்டுவிட்டார்கள். அந்தக் கூடை தேன்கூடு மாதிரி நாள் முழுக்க ரீங்கரிக்கிறது. ஒவ்வொரு அதிர்வுக்கும் எல்லார் முகமும் ஒருமுறை மாறுகிறது.

நான் இப்போது விடுதி வராந்தாவில், பிரம்பு நாற்காலியில் இருந்து இதை எழுதுகிறேன். கூட்டம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. கதை அந்த இடைவெளி வழியாகத்தான் வருகிறது. மெலிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

'மக்களாட்சியின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய இந்த நன்னாளில்—'

(இது வக்கீலின் குரல். வக்கீல் யார் என்று சொல்கிறேன், இருங்கள்.)

'ஏரியிலிருந்து எழுந்த பனி, ஓட்டுரிமை இல்லாத உறுப்பினரைப் போல, ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்து—'

(அழகாகத்தான் இருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை.)

'மாடியில் இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.'

இது நிற்கட்டும். மாடி அறைகள் முழுக்க வக்கீலின் ஆட்கள். கீழே கான்ட்ராக்டரின் ஆட்கள். இருவருக்கும் தலைவர் பதவி வேண்டும். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் "தம்பி சாப்பிட்டாச்சா?", "அண்ணன் நல்லா தூங்கினீங்களா?" என்று உருகுவார்கள். இவர் இறங்கியதும் அவர் கைப்பிடியைத் துடைத்துவிட்டு ஏறுவார். என் அக்காவுக்கு மாடியும் இல்லை, கீழும் இல்லை. படிக்கட்டுக்கு அடியில் ஒரு அறை.

3

கட்சியின் ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தலைவர் பதவிக்கு ஒருவர் பெயரைச் சொன்னதும் அவர் எழுந்து மறுக்க வேண்டும். தகுதியில்லை, உடம்பு முடியவில்லை, இளையவர்கள் வரட்டும், ஏதோ ஒன்று. "நீங்கதான் வரணும்" என்று சபை கெஞ்சும். மறுபடி மறுப்பார். மறுபடி கெஞ்சும். மூன்றாம் முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "உங்க அன்புக்குக் கட்டுப்படறேன்" என்பார். வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவர் இந்தக் கட்சியில் இதுவரை கிடையாது. எல்லாத் தலைவர்களும் வேறு வழியில்லாமல் தலைவரானவர்கள்தான்.

(பக்கத்தின் அடியில் போட வேண்டியது, இங்கேயே இருக்கட்டும்: கண்ணாடி போடாத ஒருவர், பக்கத்திலிருந்தவருடையதை வாங்கித் துடைத்தாராம். துடைத்துவிட்டு அவரையே துணைத் தலைவராக்கினாராம்.)

4

அக்கா என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு ஒரு சந்தேகம். ரொம்ப நல்லவளாக வந்துகொண்டிருக்கிறாள். ஆகவே ஒரு குறை: நோயாளியின் வாய்க்குள் கருவியை விட்ட பிறகுதான் அவள் அரசியல் பேசுவாள். மறுத்துப் பேச ஆளிருக்காது.

கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒத்திகை நடந்தது. மொத்தக் கட்சியாகவும் அத்தான் நடித்தார்.

"நீங்கதான் வரணும்," என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இப்படியா கெஞ்சுவாங்க? பால் வாங்கிட்டு வான்னு சொல்ற மாதிரி இருக்கு."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உன்கிட்ட கெஞ்சிக்கிட்டுத்தாம்மா இருக்கேன். இருந்த குரல் தீர்ந்து போச்சு."

"டேய், நீ கெஞ்சுடா."

கெஞ்சினேன். அவள் மறுத்தாள். அப்படியொரு மறுப்பு! குரல் மெல்லத் தாழ்ந்து, கடைசி வார்த்தையில் லேசாக உடைந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அத்தான் டிவியை அணைத்துவிட்டார்.

"நான் நம்பிட்டேன்," என்றார். "அதாம்மா பயமா இருக்கு. அவங்களும் நம்பிட்டா?"

அக்கா போய்ப் பையை எடுத்துக்கொண்டாள். காரில், கடைசி வளைவுக்கு முன்னால், முணுமுணுப்பை நிறுத்தினாள்.

"எனக்கு வேணும்டா."

"தண்ணியா?"

"தலைவர் பதவி." கண்ணைத் திறக்கவில்லை. "மன்றத்துல நான் எழுந்தாலே எல்லாரும் டீ குடிக்கப் போயிடறாங்க. பாதி வாக்கியத்துல மைக்கை அணைச்சிடறாங்க. தலைவர் பேசினா அணைக்க மாட்டாங்க. ஒரே ஒரு வாக்கியத்தையாவது முற்றுப்புள்ளி வரைக்கும் சொல்லிப் பார்க்கணும்டா."

"அதை அப்படியே அங்க சொல்லிடேன் அக்கா."

"வேணும்னு சொல்றதா? நம்ம கட்சியில அது கெட்ட வார்த்தைடா."

பனிக்குள் கார் போய்க்கொண்டிருந்தது. சாலை தெரியவில்லை. நாங்கள் நின்றுகொண்டிருப்பது போலவும், மலைதான் எங்களைத் தாண்டிப் போவது போலவும் இருந்தது.

5

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம். கதவிடுக்கு வழியாகப் பனியும் உள்ளே போயிற்று. நாற்காலிகளின் கால்கள் முதலில் மறைந்தன. பிறகு உறுப்பினர்களின் கால்கள். கொஞ்ச நேரத்தில் வெறும் தலைகள் மட்டும் வெள்ளைத் தண்ணீரில் மிதந்தன, பாதித் தலைகள் சாய்ந்தபடி. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பார்வையாளர் நடு நாற்காலியில் ஆழ்ந்த யோசனையில் இருந்தார். குறட்டை மெலிதாகத்தான் கேட்டது.

மாடிக்காரர் ஒருவர் வக்கீலின் பெயரைச் சொன்னார். வக்கீல் எழுந்தார்.

"இந்தப் பாரத்தைத் தாங்க எனக்குத் தோள் இல்லை. இன்னொரு நல்லவர் கையில—"

கீழ்த்தளத்துக் கான்ட்ராக்டர் ஆட்களில் மீசை என்று ஒருவர். அவர் துள்ளி எழுந்தார். "அண்ணன் மனசை நோகடிக்கக் கூடாது! அண்ணனோட மறுப்பை ஏத்துக்கிறோம்!"

கீழ்த்தளம் கைதட்டியது. கைதட்டல் கேட்டு விழித்த மாடிக்காரர்களும், கைதட்டல் என்றால் நம்ம அண்ணனுக்குத்தானே என்று, பலமாகத் தட்டினார்கள்.

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்றார் வக்கீல்.

"தியாகச் செம்மல் வாழ்க!" என்றார் மீசை.

தியாகச் செம்மல் உட்கார்ந்தார். வேறென்ன செய்வார்?

அடுத்து கான்ட்ராக்டர் பெயர். இப்போதுதான் ஒரு தியாகம் நடந்து முடிந்த அறையில் எப்படிச் சட்டென்று சரி என்பது? எழுந்தார். "அண்ணனே வேண்டாம்னுட்டாரு. நான் மட்டும் எப்படி..." என்று இழுத்து, கெஞ்சுங்கடா என்று தன் ஆட்களைக் கண்ணால் கெஞ்சினார். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் முழுசாக விழித்துவிட்ட மாடி எழுந்து நின்றது.

"ஏத்துக்கிறோம்! ஏத்துக்கிறோம்!"

அப்புறம் கூடையின் ரீங்காரம் மட்டும். பார்வையாளர் கண் திறந்தார். "ஆக, யாரு தலைவர்?"

வக்கீலும் கான்ட்ராக்டரும் அன்று முதல்முறையாக ஒருவரையொருவர் உண்மையாகப் பார்த்துக்கொண்டார்கள். காதோடு காதாக ஏதோ பேசினார்கள். பிறகு வக்கீல் புன்னகையோடு எழுந்தார். "நம்ம டாக்டரம்மா பேரை முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்," என்றார் கான்ட்ராக்டர், அதே புன்னகையோடு.

கணக்கு எனக்கே புரிந்தது. டாக்டரம்மா வழக்கப்படி மறுப்பார். உடனே கைதட்டி ஏற்றுக்கொள்வார்கள். பேச்சு மறுபடி மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் திரும்பும். இந்தத் தடவை அவரவர் ஆட்கள் முந்திக்கொண்டு கெஞ்சுவார்கள். கைகள் இப்போதே தட்டுவதற்குத் தயாராகப் பனிக்கு மேலே வந்திருந்தன.

அக்கா எழுந்தாள்.

"பனி உள்ள வருதுங்க," என்று விடுதிப் பணியாளர் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

6

இனி எனக்குச் சத்தம் இல்லை. சில முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

(அ) அக்கா மறுக்கிறாள். கைதட்டுகிறார்கள். மறுபடி வக்கீல், மறுபடி கான்ட்ராக்டர், யார் மறுப்பும் வீணாவதில்லை. பருவங்கள் மாறுகின்றன. மறுத்து மறுத்து ஆட்கள் லேசாகி, ஒவ்வொருவராக ஏரிமேல் மிதந்து—

(பழிவாங்குவது போல இருக்கிறது. விட்டேன்.)

(ஆ) அக்கா சரி என்கிறாள். தட்டத் தூக்கிய கைகள் அப்படியே நிற்கின்றன. ஒரே தடவையில் சரி சொன்னவரை அடுத்து என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கட்சி அதை ஒத்திகை பார்த்ததே இல்லை. பார்வையாளர் பதறிப் போய் அவரே—

(இது என் ஆசை. ஆசையை முடிவென்று விற்கக் கூடாது.)

(இ) அக்கா

வேண்டாம். இந்தக் கதையில் இஷ்டத்துக்கு எத்தனையோ வாக்கியங்களைப் பாதியில் வெட்டினேன். எல்லாம் என்னுடையவை, இல்லாவிட்டால் வக்கீலுடையவை. அவளுடையதை வெட்ட ஏற்கெனவே ஒரு மன்றம் இருக்கிறது. முடித்துவைக்கவும் எனக்கு உரிமையில்லை.

எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். வெள்ளைக்கு நடுவில் அக்காவின் முகம். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நேராக அவர்களைப் பார்க்கிறாள். நாள் முழுக்க ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவள், வாயைத் திறக்கிறாள்.

நீங்களே சொல்லிப் பாருங்கள். வேண்டாம் என்றால் கடைசியில் உதடு மூடிக்கொள்ளும். சரி என்றால் திறந்தே இருக்கும்.

என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கிவிட்டது. நான் பின்னால் நகர்ந்துகொள்கிறேன். நீங்கள் வந்து துடைத்துப் பாருங்கள்.