லிட்டருக்கு நாற்பத்தொரு கிலோமீட்டர்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எந்தக் கூண்டில் வேண்டுமானாலும் ஏறி, எந்தப் புத்தகத்தின் மேல் வேண்டுமானாலும் கை வைத்துச் சொல்லத் தயார். ஒரு கை போதாது என்பவர்களுக்காக இரண்டு கையையும் வைக்கிறேன். எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. பொய் சொல்ல நல்ல ஞாபகசக்தி வேண்டும். அது என்னிடம் இல்லை.

பெட்ரோல் விலை மாதத்துக்கு இரண்டு முறை ஏறிக்கொண்டிருந்த வருஷம் அது. நானும் என் மச்சானும், அதாவது என் மனைவியின் தம்பியும், ஒரே சோப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் எடை போடும் பிரிவு. அவன் பெட்டி ஒட்டும் பிரிவு. அவனிடம் ஒரு பழைய கார் இருந்தது. தனித்தனியாகப் போனால் கட்டுப்படியாகாது என்று நானும் தொழிற்சாலை காண்டீன் சமையல்காரரும் அதில் பங்கு சேர்ந்தோம்.

மச்சான் ஆரம்பத்தில் எல்லாரையும் போலத்தான் சிக்கனம் பிடித்தான். டயரில் காற்று சரியாக வைத்தான், மெதுவாக ஓட்டினான், சிக்னலில் என்ஜினை அணைத்தான். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிய கார் பதினைந்து ஓடியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பதினைந்தைப் பார்த்தவனுக்குப் பதினாறின் மேல் ஆசை வந்தது.

உபரி டயரைக் கழற்றி வீட்டில் போட்டான். பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஒரு பலகையை வைத்தான். ரேடியோ போயிற்று, ஹாரன் போயிற்று. தினமும் ஏறுமுன் எங்களை எடை பார்த்தான். அந்த எடை இயந்திரத்தை இரவல் வாங்கித் தந்தவன் நான்தான் என்பதால் குறை சொல்லவும் முடியவில்லை. செல்போன் கூடாது, இருநூறு கிராம். செருப்பு கூடாது, ஜோடி அரைக்கிலோ. சமையல்காரர் நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அவரைப் பார்க்கும்போதெல்லாம் மச்சான் ஒரு பெருமூச்சு விடுவான்.

"அண்ணே, பாலம் வர்ற வரைக்கும் நீங்க கொஞ்சம் ஓடி வந்தா என்ன?"

"ஓடுவேன் தம்பி. ஆனா ஓடினா பசிக்கும், பசிச்சா சாப்பிடுவேன். சாயங்காலம் நூத்திப் பதினாலு கிலோவா ஏறுவேன், பரவால்லையா?"

ஒருநாள் காருக்குள் ஒரு ஈ வந்துவிட்டது. பறக்கிற ஈயால் பாரமில்லை, உட்கார்ந்தால்தான் பாரம் என்று சொல்லி, அதை உட்கார விடாமல் விரட்டிக்கொண்டே இருக்கும் வேலையைச் சமையல்காரருக்குக் கொடுத்தான். முப்பது கிலோமீட்டர் அவர் கையை வீசிக்கொண்டே வந்தார். அன்றைக்கு லிட்டருக்கு இருபத்தாறு கொடுத்தது.

கடைசியாக மச்சானின் கண் காற்றின் மேல் விழுந்தது. கதவு இடுக்கிலும் கண்ணாடி இடுக்கிலும் காற்று புகுந்து காரைப் பின்னால் இழுக்கிறதாம். தொழிற்சாலையில் சோப்புப் பெட்டி ஒட்டும் பசை இருக்கிறதே, அதில் ஒரு வாளி கொண்டுவந்தான். அந்தப் பசையால் ஒட்டிய பெட்டி கிழிந்தாலும் கிழியுமே தவிர ஒட்டு விடாது. மூன்று கதவுகளையும் நான்கு கண்ணாடிகளையும் விளிம்போடு வழித்து ஒட்டினான். ஓட்டுநருக்கு இடப்பக்கத்து முன் கதவை மட்டும் விட்டுவைத்தான். எல்லாரும் அதன் வழியாகவே ஏறி, ஒருவர் மடியை ஒருவர் தாண்டி உட்கார்ந்தோம். கார் நாற்பத்தொன்று ஓடியது.

இந்தச் சமயத்தில்தான் என் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கப்பலில் என்ஜின் பார்ப்பவன். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம், மூன்று மணிக்கு அவனுக்கு ரயில், அப்புறம் பதினெட்டு மாதம் கடல். அலுவலகம் சனிக்கிழமை பன்னிரண்டுக்கு மூடிவிடும். பெண்ணின் தகப்பன் நேரில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் அரை மனதுதான். பதினெட்டு மாதம் கிடைத்தால் மிச்ச மனதையும் மாற்றிக்கொள்வாள் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

என் மனைவியும் மகளும் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். "அந்த டப்பாவுல ஏறினா நீங்க வந்து சேர்ந்த மாதிரிதான்" என்று மனைவி சொன்னாள். நான் ஏறினேன். கல்யாணச் சாப்பாட்டுக்காகச் சமையல்காரரும் ஏறினார். வெள்ளைச் சட்டை, புது வேட்டி, வெறுங்கால்.

பத்து மணிக்கு ஒரு தெருமுனையில் திரும்பினோம். அங்கே பெட்ரோல் பங்க் வரிசையின் வால் கிடந்தது. மறுநாள் முதல் மறுபடி விலை ஏறுகிறதாம்.

"பத்தே நிமிஷம் மாமா. இன்னைக்கு விட்டா நாளைக்கு அழுவணும்."

"டேய், இன்னைக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம்டா."

"கல்யாணம் ஒரு நாள் மாமா. பெட்ரோல் தினமும் வேணும்."

வெயிலில் நின்றால் டாங்க்கில் இருக்கிற பெட்ரோல் ஆவியாகிவிடும் என்று, தெருவோரம் ஓடிய ஒரு நீண்ட மதிலின் நிழலில் காரை ஒட்டி நிறுத்தினான். காருக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை நுழையாது. முன்னால் குழாய் ரிப்பேர்காரரின் வேன். பின்னால் ஒரு பல் டாக்டரின் கார் வந்து எங்களை முட்டிக்கொண்டு நின்றது. யாரும் இடையில் புகுந்துவிடக் கூடாதென்று வரிசையில் எல்லாருமே அப்படித்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்த வரிசை நகர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க எல்லாரும் என்ஜினை அணைத்திருந்தார்கள். கடைசியாக வந்து சேருபவர் ஒருவர்தான் என்ஜினை ஓட்டி, முன்னால் இருக்கும் இருநூறு வண்டிகளையும் சேர்த்துத் தள்ளுவார். தள்ளி முடித்ததும் அவரும் அணைத்துவிடுவார். அடுத்த ஏமாளி வரும்வரை வரிசை நகராது.

பத்தரை வரை பார்த்தேன். "நான் நடந்தே போறேன், கதவைத் திற" என்றேன். மச்சான் கதவைத் தள்ளினான். அது டக்கென்று மதிலில் முட்டிக்கொண்டது. இன்னொரு முறை தள்ளினான். மூன்று பேரும் மற்ற மூன்று கதவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"பசை நல்ல பசை" என்றார் சமையல்காரர்.

கண்ணாடியைத் தட்டினோம். வேன்காரர் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். அவருக்கு முன்னால் போகக் கேட்கிறோம் என்று நினைத்துவிட்டார். பல் டாக்டரும் முடியாது என்று தலையாட்டிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். உதைத்து உடைக்கலாம் என்றால் மூவரும் வெறுங்கால். குதிகாலால் நான்கு உதை விட்டேன்; ஐந்தாவதற்குக் குதிகால் சம்மதிக்கவில்லை.

பதினொன்று அடித்தது. உள்ளே மூச்சு வெந்நீர்ப் பானையில் வருகிற ஆவி போல் இருந்தது. கண்ணாடியெல்லாம் வியர்த்துவிட்டது. துடைக்கத் துடைக்க மூடிக்கொண்டது. கூரையில் ரேடியோவின் கம்பி இருந்த இடத்தில் விரல் பருமனில் ஒரு ஓட்டை இருப்பதைச் சமையல்காரர்தான் கண்டுபிடித்தார். அதில் வாய் வைத்து முறை போட்டு மூச்சு விட்டோம். ஆளுக்கு இருபது மூச்சு.

"மாமா, இருபத்திரண்டு விட்டுட்டீங்க."

"பொண்ணோட அப்பனுக்கு ரெண்டு கூடத் தரமாட்டியா?"

"இந்த ஓட்டையை எப்படி ஒட்டாம விட்டேன்னு தெரியல" என்று அவன் வருத்தப்பட்டான்.

அவனைக் கழுத்தை நெரிக்கலாம் என்று தோன்றியது. ஆனால் கையை முழுதாக நீட்ட உள்ளே இடமில்லை. என் மகள் இந்நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மாப்பிள்ளையின் அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பலகை, ஒரு முதுகு, வெளுத்துப்போன ஒரு கண்ணாடி.

பதினொன்றே முக்காலுக்கு வரிசை ஒரு பெரிய தள்ளில் இருபது அடி நகர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால், மதிலுக்கு மேலே ஒரு பலகை: பதிவு அலுவலகம். இரண்டு மணி நேரமாக நாங்கள் ஒட்டிக்கொண்டு நின்றது அந்த அலுவலகத்தின் மதிலைத்தான்.

வாசலில் நின்ற என் மனைவி காரைப் பார்த்துவிட்டாள். மகளும் மாப்பிள்ளையும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

"இறங்கி வாங்களேன், என்ன ஒய்யாரமா உக்காந்திருக்கீங்க!"

"கதவு திறக்காதுடி! ஒட்டிட்டான்!"

"டேய்!" என்று அவள் தம்பியைப் பார்த்தாள். மூடிய கண்ணாடியையும் மீறி அந்த ஒரு சொல் அவனைப் பின்சீட்டுப் பலகை வரைக்கும் தள்ளியது. ஒரு செங்கல்லைத் தூக்கினாள்.

"அக்கா வேணாம், காத்து உள்ள வந்துடும்!"

"அம்மா, நிறுத்து, அப்பா கண்ணுல பட்டுடும்" என்று மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஓடிப்போய்ப் பல் டாக்டரைக் கெஞ்சினான். "நான் பின்னால போகணும்னா எனக்குப் பின்னால இருக்கிற நூத்தி எண்பது பேரும் போகணும் தம்பி" என்றார் அவர். அதில் நியாயம் இருந்தது.

மணி பதினொன்று ஐம்பது. பதிவாளர் வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், சட்டம் தெரிந்தவர்.

"தகப்பனார் கையாலதான் கையெழுத்து விழணும். பதிவேடு காம்பவுண்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது."

"சார், கார் உங்க மதில்லதான் சாஞ்சிருக்கு" என்றாள் மகள்.

அவர் யோசித்தார். உள்ளே போய் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, மதிலுக்கு மேலே தலையைக் காட்டினார். "மதில் எங்களது. மதில்ல சாஞ்சிருக்கிறதும் அப்போ எங்களதுதான்" என்று சொல்லிப் பேனாவைக் கூரை ஓட்டையில் முனை மேலாகச் செருகினார். அடிப்பக்கம் என் கைக்கு வந்தது. பதிவேட்டைக் கவிழ்த்துப் பேனா முனை மேல் வைத்தார்கள்.

ஓட்டை குறுகல், பேனாவை அசைக்க இடமில்லை. "அப்பா, நீங்க ஆடாம கெட்டியா பிடிங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றது மதில் மேல் ஏறியிருந்த மகளின் குரல், தலைக்கு மேலிருந்து. நான் பிடித்துக்கொண்டேன். அவள் புத்தகத்தை நகர்த்தினாள். நான் கோடு இழுக்கும் இடத்தில் எதிர்ப்பக்கம் இழுத்தாள், நான் சுழிக்கும் இடத்தில் எதிர்ச்சுழி சுழித்தாள். கடைசியில் நான் வைக்கும் இரண்டு புள்ளிகளையும் மறக்கவில்லை. பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகளில் என் கையெழுத்தை அத்தனை வருஷமும் யார் போட்டது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. தலைகீழாகப் பிடித்த பேனா எழுதாது என்பார்கள் சிலர். காருக்குள் இருந்த சூட்டில் மை தானாகவே மேலே ஏறியது.

"செல்லும்" என்றார் பதிவாளர். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினாள்.

மகள் இறங்கி வந்து முன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். நானும் உள்ளிருந்து வைத்தேன். நடுவில் கண்ணாடி சூடாக இருந்தது. என் மூச்சு பட்டு அவள் முகம் மறைந்தது. துடைப்பதற்குள் யாரோ புதிதாக வந்து வரிசையைத் தள்ளினார்கள். கார் அவளை விட்டு நகர்ந்தது. ரயிலடிக்கு அவர்களோடு போக முடியவில்லை. மூன்று மணிக்கு ரயில் கூவியது ஓட்டை வழியாகக் கேட்டது. அப்போது மூச்சு முறை எனக்குத்தான்; நான் மூச்சு விடாமல் அதைக் கேட்டேன்.

நாலரைக்கு மதில் முடிந்து பங்க் வந்தது. கதவு திறந்தது. நாங்கள் இறங்கவில்லை, கொட்டினோம். பங்க்காரர் மூடியைத் திறந்து குழாயைச் செருகினார். அது ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றது.

"சார், டாங்க் ஃபுல்லாத்தானே இருக்கு. எதுக்கு வந்தீங்க?"

லிட்டருக்கு நாற்பத்தொன்று ஓடுகிற காரில் பெட்ரோல் எங்கே குறையும்? மச்சானின் முகத்தில் வந்த பெருமையை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். சமையல்காரர் வெறுங்காலோடு வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தார்.

கையெழுத்து இன்றைக்கும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது, கொஞ்சம் நடுங்கினாற்போல். சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் இந்த எழுபத்தாறு வயதுவரை கல்யாணம் செய்துகொண்டதில்லை.